பத்தாம் நாள் காய்ச்சலின் புதிரை அவிழ்த்தவர்: ஒவ்வாமைக்குப் பெயர் தந்த மருத்துவர் பிர்கேயின் வாழ்க்கை

திருப்பதி: பாம்புக்கடிக்கு ஆளாகி, விஷமுறிவு மருந்து செலுத்தப்பட்டு, உயிர் பிழைத்து வீடு திரும்பும் சிலருக்கு, ஒரு வாரமோ பத்து நாளோ கழிந்தபின் திடீரெனக் காய்ச்சல் காண்கிறது. உடலெங்கும் அரிப்புடன் தடிப்புகள் எழுகின்றன. முழங்காலும் மணிக்கட்டும் வீங்கி வலிக்கின்றன. கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுகிறது. விஷம் இன்னும் உடலில் தங்கியிருக்கிறதோ என்று குடும்பத்தார் அஞ்சுகின்றனர். ஆனால் இது விஷத்தின் விளைவு அன்று. உயிரைக் காத்த மருந்துக்கு உடல் காலந்தாழ்த்திக் காட்டும் எதிர்வினை இது.

சேஷாசல மலைத்தொடரையொட்டிய சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் நிலக்கடலை வயல்களும் கரும்புத் தோட்டங்களும் மாந்தோப்புகளும் மிகுதி. வயலில் வேலை செய்வோருக்குப் பாம்புக்கடி என்பது தொழிலோடு ஒட்டிய ஆபத்து. கடிபட்டவரைக் காக்கும் விஷமுறிவு மருந்து குதிரையின் குருதியிலிருந்து பெறப்படுகிறது. அந்த அந்நியப் புரதமே சிலருக்குப் பின்னாளில் தொல்லையாகிறது.

இந்தத் தாமத நோய்க்குச் சீரம் நோய் என்று பெயர். வியன்னா நகரின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே, தம் சக மருத்துவர் பேலா ஷிக்குடன் சேர்ந்து 1905-இல் இந்நோயை முழுமையாக விளக்கினார். இன்று உலகமெங்கும் வழங்கும் அலர்ஜி என்ற சொல்லை உருவாக்கியவரும் அவரே. பழைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த மதனப்பள்ளியில் நடைபெற்ற புகழ்பெற்ற காசநோய் ஆய்வுகளுக்கு அடிப்படையான தோல் சோதனையும் அவருடைய கண்டுபிடிப்பிலிருந்து கிளைத்ததாகும்.

சமயக் கல்வியிலிருந்து மருத்துவத்துக்கு

வியன்னாவை அடுத்த ஹிர்ஷ்டெட்டன் என்னும் ஊரில் 1874 மே 12 அன்று பிர்கே பிறந்தார். தந்தை பீட்டர் பிரபு பட்டம் பெற்றவர்; அரசியலிலும் ஈடுபட்டவர். தாய் ஃப்ளோரா புகழ்பெற்ற வங்கியாளர் குடும்பத்தில் பிறந்தவர். பிர்கேயின் தம்பி கீடோ பிற்காலத்தில் விண்வெளிப் பயணக் கணக்கீடுகளின் முன்னோடிகளுள் ஒருவராக அறியப்பட்டார்.

இளமையில் பிர்கே மருத்துவத்தை நாடவில்லை. இன்ஸ்ப்ரூக்கில் சமயவியலும் பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் தத்துவமும் பயின்றார். பின்னர் மனம் மாறி மருத்துவம் படிக்க முடிவெடுத்தார். பிரபு குடும்பத்துப் பிள்ளை மருத்துவராவது அக்காலத்தில் வழக்கமன்று. எனினும் அவர் தம் முடிவிலிருந்து பின்வாங்கவில்லை. வியன்னா, கோனிக்ஸ்பெர்க், கிராஸ் ஆகிய நகரங்களில் பயின்று, 1900-இல் கிராஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

குழந்தை மருத்துவத்தில் அந்நாளில் பெரும்பெயர் பெற்றிருந்தவர் தியோடோர் எஷெரிஷ். குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவைக் கண்டறிந்தவர் இவரே. 1902-இல் இவர் வியன்னாவின் செயின்ட் அன்னா குழந்தைகள் மருத்துவமனைக்குத் தலைமையேற்றார். அவருக்குக் கீழ் பிர்கே பணியாற்றினார். அங்குதான் ஹங்கேரியில் பிறந்த பேலா ஷிக்குடன் அவருக்கு நட்பு ஏற்பட்டது.

குதிரையின் குருதியில் பிறந்த மருந்து

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொண்டை அடைப்பான் நோய் ஐரோப்பாவில் குழந்தைகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. 1890-இல் ஜெர்மனியின் எமில் ஃபான் பெரிங்கும் ஜப்பானின் கிடசாடோ ஷிபாசபுரோவும் புதிய வழி ஒன்றைக் கண்டனர். நோய் நச்சைச் சிறிது சிறிதாக விலங்கின் உடலில் செலுத்தினால், அதன் குருதியில் நச்சை முறிக்கும் பொருள் உருவாகிறது. அந்தக் குருதியிலிருந்து பிரித்தெடுத்த சீரத்தை நோயாளிக்குச் செலுத்தினால் நச்சு முறிகிறது.

குதிரைகளைக் கொண்டு இந்தச் சீரம் பேரளவில் தயாரிக்கப்பட்டது. தொண்டை அடைப்பானால் மரிக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. பெரிங்குக்கு 1901-இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இதே முறையைப் பின்பற்றி, சைகோனில் நாகப்பாம்பின் விஷத்தை ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட் 1890-களின் நடுப்பகுதியில் பாம்பு விஷமுறிவுச் சீரத்தை உருவாக்கினார்.

ஆனால் சீரம் சிலருக்குத் தீங்கும் செய்தது. 1896-இல் பெர்லினில் நோயியல் அறிஞர் ஒருவரின் சிறுவயது மகனுக்கு, நோய் வராமல் தடுக்கும் பொருட்டுச் சீரம் செலுத்தப்பட்டது. சில நிமிடங்களில் அக்குழந்தை இறந்தது. நகரமே அதிர்ந்தது. இவ்வாறு உடனடியாக நேர்ந்த மரணங்கள் அரிது. ஆனால் ஊசி போட்டு ஒரு வாரத்துக்குப் பின் காய்ச்சலும் தடிப்பும் மூட்டுவலியும் வருவது பல மருத்துவமனைகளில் அடிக்கடி காணப்பட்டது.

சீரத்தில் ஏதோ மாசு கலந்திருக்கலாம் என்றும், குதிரையின் சீரமே நச்சுத்தன்மை உடையது என்றும் பலவாறாகக் கருதப்பட்டது. நோய் ஏன் உடனே வராமல் நாள் கடந்து வருகிறது என்ற கேள்விக்கு யாரிடமும் தெளிவான விடை இல்லை.

நாள்களை எண்ணிய மருத்துவர்

செயின்ட் அன்னா மருத்துவமனையில் தொண்டை அடைப்பானுக்கு மட்டுமின்றி, செங்காய்ச்சல் எனப்படும் ஸ்கார்லெட் காய்ச்சலுக்கும் குதிரைச் சீரம் செலுத்தப்பட்டது. அதன் அளவு மிகப் பெரியது. சில குழந்தைகளுக்கு நூறு மில்லிலிட்டருக்கும் மேல் தேவைப்பட்டது. இதனால் தாமத நோயும் அங்கு மிகுதியாகத் தோன்றியது. அதனை அன்றாடம் கவனித்துப் பதிவு செய்யும் வாய்ப்பு பிர்கேக்கும் ஷிக்குக்கும் கிடைத்தது.

அவர்கள் ஒவ்வொரு குழந்தைக்கும் ஊசி போட்ட நாளைக் குறித்தனர். காய்ச்சல் தொடங்கிய நாள், தடிப்பு தோன்றிய நாள், நெறி கட்டிய நாள், வீக்கத்தால் எடை கூடிய நாள் எனத் தனித்தனியே எழுதி வைத்தனர். குருதியில் வெள்ளணுக்களின் எண்ணிக்கையையும் கணக்கிட்டனர். முதன்முறை சீரம் பெற்ற பெரும்பாலான குழந்தைகளுக்கு நோய் 8 முதல் 12 நாள்களுக்குள் தோன்றியது.

திருப்பத்தை உண்டாக்கியவை இரண்டாம் முறை சீரம் பெற்ற குழந்தைகளின் பதிவுகள். முன்பே ஒருமுறை சீரம் பெற்று, சில வாரங்கள் கழித்து மீண்டும் பெற்ற குழந்தைகளுக்கு அந்தப் பத்து நாள் இடைவெளி இல்லை. சிலருக்கு அதே நாளில் நோய் தோன்றியது. வேறு சிலருக்கு வழக்கத்தைவிட விரைவாக, ஐந்தாறு நாள்களில் தோன்றியது.

ஒரு தொற்றுநோய் உடலில் புகுந்து வெளிப்படுவதற்குச் சில நாள்கள் ஆவது, கிருமி பெருகுவதற்கு எடுத்துக்கொள்ளும் காலம் என்றே அன்றைய மருத்துவம் நம்பியது. ஆனால் சீரத்தில் உயிருள்ள கிருமி எதுவும் இல்லை. பெருகுவதற்கு ஒன்றும் இல்லாதபோது, அந்தப் பத்து நாள்களில் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று பிர்கே சிந்தித்தார்.

அவர் கண்ட விடை எளியது; ஆயினும் அக்காலத்துக்குப் புரட்சிகரமானது. அந்த நாள்களில் வேலை செய்வது கிருமி அன்று, நோயாளியின் உடலே. அந்நியப் புரதத்தைக் கண்ட உடல், அதற்கு எதிரான பொருளைத் தயாரிக்கிறது. அதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. எதிர்ப்பொருள் தயாராகி வரும் வேளையில் குதிரைப் புரதம் இன்னும் குருதியில் எஞ்சியிருந்தால், இரண்டும் மோதுகின்றன. அந்த மோதலின் விளைவே காய்ச்சலும் தடிப்பும் மூட்டுவலியும். இரண்டாம் முறை சீரம் செலுத்தும்போது எதிர்ப்பொருள் ஏற்கெனவே இருப்பதால் காத்திருப்புக்கு இடமில்லை.

இக்கருத்தைச் சுருக்கமாக எழுதி, முத்திரையிட்ட உறையில் வைத்து, 1903 ஏப்ரல் மாதத்தில் வியன்னா அறிவியல் கழகத்தில் பிர்கே ஒப்படைத்தார். அப்போது அவருக்கு வயது 28. அவரும் ஷிக்கும் இணைந்து எழுதிய சீரம் நோய் என்ற நூல் 1905-இல் ஜெர்மன் மொழியில் வெளியானது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஷிக்கின் கையாலேயே, 1951-இல் வெளிவந்தது.

உடலின் காவல் ஆற்றல் நன்மை மட்டுமே செய்யும் என்று கருதப்பட்ட காலம் அது. நோயைத் தடுக்கும் அதே எதிர்ப்பொருள் நோயை உண்டாக்கவும் கூடும் என்ற முடிவைப் பல அறிஞர்களால் எளிதில் ஏற்க இயலவில்லை. எனினும் அதே ஆண்டுகளில் பிரான்சிலும் ஒத்த சான்றுகள் கிடைத்தன. முதல் முறை தாங்கிக்கொண்ட நச்சின் மிகச் சிறு அளவு இரண்டாம் முறை நாயைக் கொல்லக்கூடும் என்பதை 1902-இல் ஷார்ல் ரிஷேயும் பால் போர்ட்டியேயும் காட்டினர். முயலின் தோலில் குதிரைச் சீரத்தைத் திரும்பத் திரும்பச் செலுத்தினால் அவ்விடம் வீங்கிப் புண்ணாவதை 1903-இல் மாரிஸ் ஆர்த்துஸ் கண்டறிந்தார்.

ஒரு புதிய சொல்

காப்பாற்றும் வினைக்கும் தீங்கு செய்யும் வினைக்கும் அடிப்படை ஒன்றே என்றால், இரண்டையும் உள்ளடக்கும் பொதுச்சொல் தேவை என பிர்கே கருதினார். வேறு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையும் செயல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையும் இணைத்து, அலர்ஜி என்ற சொல்லை 1906 ஜூலையில் மூனிக் மருத்துவ வார இதழ் ஒன்றில் அறிமுகப்படுத்தினார். ஒரு பொருளோடு முன்பே பழகிய உடல், அடுத்த முறை மாறுபட்டுச் செயல்படுகிறது என்பதே அச்சொல்லின் மூலப்பொருள்.

தேவையற்ற புதுச்சொல் என்று அதனைச் சிலர் ஒதுக்கினர். ஆனால் அது நிலைத்தது. காலப்போக்கில் அதன் பொருள் சுருங்கி, தீங்கு செய்யும் மிகை எதிர்வினையை மட்டுமே குறிக்கலாயிற்று. தமிழில் ஒவ்வாமை என்ற சொல் இப்பொருளிலேயே வழங்குகிறது.

முன்கையில் ஒரு கீறல்

அதே சிந்தனை பிர்கேயை அடுத்த கண்டுபிடிப்புக்கு இட்டுச் சென்றது. அம்மைப்பால் குத்திக்கொண்டவர்கள் மீண்டும் குத்திக்கொள்ளும்போது, தோலில் எதிர்வினை முன்னைவிட விரைவாகத் தோன்றுவதை அவர் ஆராய்ந்திருந்தார். உடல் ஒரு கிருமியை முன்பே சந்தித்திருக்கிறதா என்பதைத் தோலைக் கொண்டே அறியலாம் என்று அவருக்குத் தோன்றியது.

காசநோய்க் கிருமியிலிருந்து ராபர்ட் கோக் 1890-இல் தயாரித்த ட்யூபர்குலின், நோயைக் குணப்படுத்தும் மருந்தாகத் தோல்வியடைந்திருந்தது. பிர்கே அதனை வேறுவகையில் பயன்படுத்தினார். குழந்தையின் முன்கையில் ட்யூபர்குலின் துளிகளை இட்டு, அவ்விடத்தில் தோலைச் சிறிதளவு கீறினார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்து இடாத கீறல் ஒன்றையும் போட்டார். ஓரிரு நாள்களில் மருந்து இட்ட இடம் சிவந்து தடித்தால், அக்குழந்தையின் உடலில் காசநோய்க் கிருமி முன்பே புகுந்துள்ளது என்று பொருள். 1907-இல் இச்சோதனையை அவர் அறிவித்தார்.

நலமாகத் தோன்றிய குழந்தைகள் பலருக்கும் இச்சோதனையில் தடிப்பு ஏற்பட்டது. நோயாக வெளிப்படாமல் உடலில் மறைந்து கிடக்கும் காசநோய்த் தொற்று எவ்வளவு பரவலானது என்பதை உலகம் அப்போதுதான் உணர்ந்தது. பிரெஞ்சு மருத்துவர் ஷார்ல் மாந்தூ மறு ஆண்டே கீறலுக்குப் பதிலாகத் தோலுக்குள் ஊசியால் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். இன்றும் மருத்துவமனைகளில் செய்யப்படும் மாந்தூ சோதனை அதுவே.

பிர்கேயின் புகழ் பரவியது. 1909-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் குழந்தை மருத்துவப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். மறு ஆண்டு பிரெஸ்லாவ் நகருக்குச் சென்றார். 1911-இல் எஷெரிஷ் மறைந்ததும், அவருடைய இடத்தில் வியன்னா பல்கலைக்கழகக் குழந்தைகள் மருத்துவமனையின் தலைவரானார். காசநோயுற்ற குழந்தைகளுக்காக அம்மருத்துவமனையின் மேல்மாடத்தில் திறந்தவெளிப் பிரிவு ஒன்று இயங்கியது.

பட்டினியில் வாடிய வியன்னா

முதல் உலகப் போரின் இறுதியில் வியன்னா பசியில் தவித்தது. பால், இறைச்சி, கொழுப்பு ஆகியன கிடைக்கவில்லை. குழந்தைகள் எலும்பும் தோலுமாயினர். சோதனைக்கூடத்தில் புகழ் பெற்ற பிர்கே, இந்தக் காலத்தில் உணவு வழங்கலில் இறங்கினார்.

எந்த உணவிலும் எவ்வளவு ஊட்டம் உள்ளது என்பதைச் சமையற்காரரும் செவிலியரும் எளிதில் கணக்கிடும் வகையில், ஒரு கிராம் பாலை அலகாகக் கொண்ட நெம் என்ற அளவை முறையை அவர் வகுத்தார். வயதையும் எடையையும் மட்டும் நம்பாமல், குழந்தை உட்கார்ந்த நிலையில் உள்ள உயரத்தையும் எடையையும் ஒப்பிட்டு, ஊட்டக்குறைவைக் கண்டறியும் கணக்கையும் உருவாக்கினார்.

1919 முதல் ஹெர்பர்ட் ஹூவர் தலைமையிலான அமெரிக்க நிவாரண அமைப்பு ஆஸ்திரியக் குழந்தைகளுக்கு உணவளித்தபோது, அப்பணியை நடத்தும் பொறுப்பு பிர்கேயிடம் அளிக்கப்பட்டது. யாருக்கு உணவு மிகவும் தேவை என்பதை அவருடைய அளவீடுகளே முடிவு செய்தன. இலட்சக்கணக்கான குழந்தைகள் இத்திட்டத்தால் உணவு பெற்றனர். நெம் முறை பின்னாளில் வழக்கொழிந்தது. ஆனால் அதன் துணையோடு பிழைத்த ஒரு தலைமுறை வளர்ந்து நின்றது.

துயர முடிவு

1904-இல் மரியா ஃபான் ஹூசன் என்பவரைப் பிர்கே மணந்திருந்தார். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. மரியா பல ஆண்டுகள் உடல்நலமும் மனநலமும் குன்றியிருந்தார். வெளியுலகில் புகழின் உச்சியில் இருந்த பிர்கேயின் இல்வாழ்க்கை துயரம் நிறைந்ததாக இருந்தது.

நோபல் பரிசுக்குப் பலமுறை அவருடைய பெயர் பரிந்துரைக்கப்பட்டது, பரிசு கிட்டவில்லை. 1928-இல் ஆஸ்திரியக் குடியரசுத் தலைவர் பதவிக்கும் அவர் பெயர் பேசப்பட்டது. சில மாதங்களே கழிந்த நிலையில், 1929 பிப்ரவரி 28 அன்று பிர்கேயும் மரியாவும் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டனர். அவருக்கு வயது 54. குழந்தைகளைக் காத்த மருத்துவரின் முடிவு வியன்னாவை உலுக்கியது.

ஷிக் அதற்கு முன்பே அமெரிக்காவில் குடியேறியிருந்தார். தொண்டை அடைப்பானுக்கு எதிர்ப்பாற்றல் உள்ளதா என்பதை அறியும் ஷிக் சோதனையால் புகழ்பெற்ற அவர், 1967-இல் மறையும்வரை குழந்தை மருத்துவத்தில் மதிக்கப்பட்டவராக விளங்கினார். 2010-இல் ஆஸ்திரிய நாணயச் சாலை, அந்நாட்டின் சிறந்த மருத்துவர்களைப் போற்றும் தங்க நாணய வரிசையில் பிர்கேக்கும் ஒரு நாணயம் வெளியிட்டது.

கண்ணுக்குத் தெரிந்த மோதல்

குதிரைப் புரதமும் எதிர்ப்பொருளும் மோதுவதை பிர்கே ஊகித்தாரே தவிர, கண்ணால் காணவில்லை. அதற்கான கருவிகள் அன்று இல்லை. 1950-களில் அமெரிக்காவில் ஃபிராங்க் டிக்ஸன் உள்ளிட்ட ஆய்வாளர்கள், முயல்களுக்கு மாட்டின் சீரப் புரதத்தைச் செலுத்தி, அதன் போக்கை நாள்தோறும் அளந்தனர்.

முதல் சில நாள்கள் அந்நியப் புரதம் குருதியில் மெல்லக் குறைகிறது. ஒரு வாரத்தை ஒட்டி எதிர்ப்பொருள் உருவாகத் தொடங்குகிறது. இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்து நுண்ணிய கூட்டுத்தொகுதிகள் ஆகின்றன. பெரிய தொகுதிகளை உடல் எளிதில் அகற்றிவிடுகிறது. அந்நியப் புரதம் மிகுந்திருக்கும்போது உருவாகும் சிறிய தொகுதிகள் அகற்றப்படாமல், மூட்டுகள், தோல், சிறுநீரகம் ஆகியவற்றின் நுண்குழாய்ச் சுவர்களில் படிகின்றன. அங்கு அவை அழற்சியைத் தூண்டுகின்றன. அந்நியப் புரதம் முற்றிலும் நீங்கியதும் நோய் தானாகத் தணிகிறது. வியன்னாக் குழந்தைகளின் பதிவுகளில் பிர்கே கண்ட கால அட்டவணையோடு இது பொருந்தியது.

1963-இல் பிரிட்டனைச் சேர்ந்த ஜெல், கூம்ஸ் ஆகியோர் மிகை எதிர்வினைகளை நான்கு வகையாகப் பிரித்தபோது, சீரம் நோய் மூன்றாம் வகையில் இடம்பெற்றது. ட்யூபர்குலின் சோதனையில் தோன்றும் தடிப்பு எதிர்ப்பொருளால் அன்றி உயிரணுக்களால் நிகழ்வது என்பதால், அது நான்காம் வகையில் சேர்ந்தது. பிர்கே ஒரே பெயரில் அடக்கிய இரண்டும் வெவ்வேறு வழிகளில் நடப்பவை என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

மதனப்பள்ளிக்கு வந்த சோதனை

பிர்கே தொடங்கிவைத்த தோல் சோதனை, சித்தூர் மாவட்டத்துக்குக் காசநோயின் வழியே வந்தது. மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில், கிறித்தவ மிஷன் அமைப்புகள் இணைந்து நடத்திய காசநோய் மருத்துவமனை இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் நிறுவப்பட்டது. டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மோலர் அதன் முதல் கண்காணிப்பாளர். தமிழ்நாட்டிலிருந்தும் நோயாளிகள் அங்கு சென்று தங்கிச் சிகிச்சை பெற்றனர்.

1948-இல் இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசிப் பணி தொடங்கிய முதல் இடங்களுள் ஒன்று மதனப்பள்ளி. அதே ஆண்டில் சென்னை கிண்டியில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் அமைந்தது. 1950 முதல் மதனப்பள்ளியைச் சுற்றியுள்ள கிராமங்களில் மக்கள் அனைவரையும் உள்ளடக்கிய காசநோய் ஆய்வு நடந்தது. யாருக்குத் தொற்று உள்ளது என்பதை அறிய ட்யூபர்குலின் சோதனையும், யாருக்கு நோய் உள்ளது என்பதை அறிய எக்ஸ்ரே படமும் பயன்பட்டன. தொற்று வேறு, நோய் வேறு என்று பிர்கே வியன்னாவில் காட்டிய வேறுபாடே அந்த ஆய்வின் அடித்தளம்.

பாம்பு விஷமுறிவுச் சீரத்தின் முன்னோடியான கால்மெட்டே, பிற்காலத்தில் கமீல் கெரானுடன் இணைந்து பி.சி.ஜி. தடுப்பூசியையும் உருவாக்கியவர். அவ்வகையில் அவருடைய இரு மருந்துகளும் பிர்கேயின் இரு கண்டுபிடிப்புகளும் சித்தூர் மண்ணில் ஒருங்கே பயன்பாட்டுக்கு வந்தன.

இன்றும் தேவைப்படும் பாடம்

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் பாம்புக்கடியால் சுமார் 12 இலட்சம் பேர் இறந்ததாக, 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 மரணங்கள் ஆகும். மரணங்கள் மிகுந்த மாநிலங்களில் ஆந்திரமும் ஒன்று. பாம்புக்கடி மரணங்களை 2030-க்குள் பாதியாகக் குறைக்கும் தேசியச் செயல்திட்டத்தை மத்திய அரசு 2024-இல் வெளியிட்டது.

நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளின் விஷத்தையும் முறிக்கும் கூட்டு மருந்தே இந்தியாவில் பயன்படுகிறது. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், இதற்கான விஷத்தை நெடுங்காலமாக வழங்கிவருகிறது. எதிர்ப்பொருளின் தேவையற்ற பகுதியை நீக்கி இன்றைய மருந்து தூய்மைப்படுத்தப்படுகிறது. ஆயினும் அது குதிரைப் புரதமே என்பதால், தாமத எதிர்வினைக்கான வாய்ப்பு முற்றிலும் நீங்கவில்லை. மருந்துக்கு முன் தோலில் செய்யும் சோதனை ஊசியும் அதனை முன்கூட்டிக் காட்டாது.

வெறிநாய்க்கடிக்கு அளிக்கப்படும் குதிரைச் சீரம், உறுப்பு மாற்றச் சிகிச்சையில் பயன்படும் விலங்குப் புரதங்கள், ரிட்டக்ஸிமாப், இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற புதிய உயிரி மருந்துகள் ஆகியவற்றாலும் சீரம் நோய் வரக்கூடும். பென்சிலின், செஃபக்ளோர் முதலிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் சிலருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, இதனை ஒத்த அறிகுறிகளை உண்டாக்குகின்றன.

பெரும்பாலும் இந்நோய் சில நாள்களில் தணிந்துவிடும். தேவையானால் அரிப்பையும் அழற்சியையும் குறைக்கும் மருந்துகளை மருத்துவர் அளிப்பார். சிக்கல் நோயில் இருப்பதைவிட, அதனை அடையாளம் காணாமல் விடுவதில்தான் மிகுதி. பத்து நாள் முன்பு போட்ட ஊசியை நோயாளி மறந்திருப்பார். வேறு மருத்துவமனைக்குச் சென்றால், காய்ச்சலும் மூட்டுவலியும் டெங்கு அல்லது சிக்குன்குனியா எனக் கருதப்படலாம். அதனால் விஷமுறிவு மருந்து பெற்றவர்கள், வெளியேறும்போது தரப்படும் சீட்டைப் பத்திரப்படுத்தி, அடுத்த சில வாரங்களில் எந்த மருத்துவரிடம் சென்றாலும் அதைக் காட்டுவது நல்லது. முன்பு ஒருமுறை அம்மருந்து பெற்றவர்கள், மீண்டும் பாம்பு கடித்தால் அதனைத் தவறாமல் தெரிவிக்க வேண்டும்.

பின்விளைவுக்கு அஞ்சி விஷமுறிவு மருந்தை மறுப்பது உயிருக்கே ஆபத்தாகும். பிர்கேயும் ஷிக்கும் சீரத்தின் தீங்கை ஆராய்ந்த ஆண்டுகளிலும், தொண்டை அடைப்பான் கண்ட குழந்தைகளுக்கு அதனைச் செலுத்துவது நிறுத்தப்படவில்லை. ஊசி போட்ட நாளைக் குறித்துவைத்து, அடுத்த இரண்டு வாரங்கள் உடலைக் கவனிப்பதே அவர்கள் செயின்ட் அன்னாவில் கடைப்பிடித்த முறை. திருப்பதியிலும் சித்தூரிலும் பாம்புக்கடியிலிருந்து மீண்டு வீடு திரும்புவோருக்கும் அம்முறையே பொருந்தும்.

(மன உளைச்சலுக்கோ தற்கொலை எண்ணத்துக்கோ ஆளானோர், மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தொடர்புகொண்டு ஆலோசனை பெறலாம்.)